முந்நூற்றுப் பன்னிரண்டு பாகத் தொட்டில்

“ஒரு ஸ்குரூவைத் தொட்டா ஒன்பது இடத்துல ஆடுது, சிஸ்டர். இப்பல்லாம் எனக்கே அது புரிய மாட்டேங்குது.”

வைரவன் இதைச் சொன்னது செலஸ்டின் சிஸ்டரின் முதுகைப் பார்த்து.

சிஸ்டர் திரும்பவில்லை. சளி உறிஞ்சும் பழைய மெஷின் ஒன்றின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அறுந்துபோன ஒரு ரப்பர் வளையம் வெளியே வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாவம், எத்தனை நாள் தாங்கியிருக்கிறது என்பது போல ஒரு பார்வை.

“சொல்லுங்க,” என்றார்.

மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி அது. ஒரு காலத்தில் துணி வெளுத்த கூடம்தான் இப்போது சிஸ்டரின் பட்டறை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த மெஷின் படுத்துக்கொண்டாலும், ஜீப்பில் ஏற்றி இங்கேதான் அனுப்புவார்கள். வந்தபடியே திரும்பிப் போன மெஷின் ரொம்பக் குறைவு.

சிஸ்டர் அந்த மிஷனின் கன்னியாஸ்திரி, வயது முப்பத்தெட்டு. வைரவனுக்கு நாற்பத்தொன்பது. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில், ஆஸ்பத்திரிக் கருவிகளை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைவர் அவர். தன்னைவிடப் பதினொரு வயது இளையவரைக் குரு என்று சொல்லிக்கொள்ள வைரவனுக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை.

காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய குழு ஒரு மெஷினின் இரைச்சலோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியது. சிஸ்டர் வந்தார். மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒரே ஒரு நட்டைத் தளர்த்தினார். இறுக்கவில்லை, தளர்த்தினார். இரைச்சல் நின்றது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ரெண்டு பஸ் மாறி வைரவன் வந்துவிடுவார். ஏதாவது கேட்பார். சிஸ்டர் பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்கு வேலை கொடுப்பார்.

இந்தத் தடவை அவர் கொண்டுவந்தது ஒரு தொட்டிலின் பிரச்சினை.

குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைகளுக்கான தொட்டில். அவ்வளவு சின்ன உடம்புக்குத் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்க மறந்தால் அது அழக்கூட அழாது. சும்மா அடங்கிப் போகும்.

போன வாரம் இதே ஆஸ்பத்திரியில்தான் தொட்டிலைப் பரிசோதித்தார்கள். ஒரே பகலில் முப்பத்தேழு தடவை அலாரம் கத்தியது. முப்பத்தெட்டாவது தடவை நர்ஸ் ஆரோக்கியமேரி வந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். பிடுங்கியவர் வேறு கட்டிலுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பார்த்தபோது குழந்தை குளிர்ந்திருந்தது.

அதை எடுத்து அதன் அம்மாவின் மார்போடு ஒட்டி வைத்து, சேலையால் சுற்றி, ஒரு மணி நேரம் காத்து நின்றார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

வைரவன் அந்த ஒரு மணி நேரமும் கதவோரம் நின்றிருந்தார்.

“இன்னொரு தடவை பாக்கலாம்னு முதலாளி சொல்லியிருக்கார். மழைக்கு முன்னாடி. அதுவும் சரியில்லன்னா தொட்டில் வேலையையே மூடிடுவோம்னு சொல்லிட்டார். ஐப்பசி வந்துட்டா மலையிலேர்ந்து வர்ற குழந்தைங்க…” வைரவன் முடிக்கவில்லை.

சிஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை பாகம்?”

“முந்நூத்திப் பன்னண்டு.”

“அதுல குழந்தையைச் சூடாக்குறது எத்தனை?”

வைரவன் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

“ஒண்ணு, சிஸ்டர்.”

“மீதி?”

“மீதி எல்லாம்… அந்த ஒண்ணைப் பாத்துக்குது.”

“முந்நூத்திப் பதினோரு பேரா? ஒரு கலெக்டருக்குக் கூட இவ்வளவு பேர் இல்லையே.”

வைரவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு சிஸ்டர். நாங்க ஒண்ணும் ஆசைக்குச் சேக்கல. முதல்ல பொம்மையை வெச்சுப் பாத்தோம், சூடு ஏறிப் போச்சு. அதனால ஃபேன் வெச்சோம். ஃபேன் காத்து ஒரு பக்கமா அடிச்சது, அதனால மூடி போட்டோம். மூடிக்குள்ள இந்தப் பக்கம் ஒரு சூடு, அந்தப் பக்கம் ஒரு சூடு. அதனால ரெண்டாவது சென்சர். ரெண்டு சென்சரும் ஒத்துப் போகல, அதனால அலாரம். இத்தனையும் ஓட்டக் கரண்ட் பத்தல, பெரிய பேட்டரி. பேட்டரி சூடாச்சு. அதுக்கு ஒரு சென்சர்.”

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“இதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு ஒரு வழி சொல்லுங்க. பெரிய கம்பெனிங்கள்ல இதுக்குன்னு தனியா சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க. வாங்கலாமான்னு பாக்குறேன்.”

“அது எத்தனாவது பாகம்?” என்று சிஸ்டர் கேட்டார்.



சிஸ்டர் ரப்பர் வளையத்தை மேசை மேல் வைத்தார்.

“இதையெல்லாம் சேத்தவங்க யாரு?”

“நாங்கதான். என்னோட சேத்து அஞ்சு பேர்.”

“வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. மெஷின் வேண்டாம்.”

“மெஷின் இல்லாம எப்படி, சிஸ்டர்?”

“அவங்க வந்தா மெஷின் வந்த மாதிரிதான்.”

*

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கிற மெஷினில் புதிதாக ஒரு பாகம் சேர்க்கணும் என்று யார் கேட்டாலும், அந்தப் பாகம் செய்யப்போகிற வேலையை முதலில் அவரே தன் கையால் ஒரு ஷிப்ட் செய்து காட்ட வேண்டும்.

ஒரு டாக்டர், சலைன் தீரப்போகும்போது மணி அடிக்கிற மாதிரி ஏதாவது வைத்துத் தாருங்கள் என்று கேட்டாராம். சிஸ்டர் ஒரு பூஜை மணியைக் கொடுத்து வார்டில் உட்காரச் சொன்னார். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் அந்த டாக்டர். அவர் அடிக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம், பக்கத்துக் கட்டில் நோயாளியே “நர்ஸம்மா, தீரப் போகுது” என்று குரல் கொடுத்துவிட்டான். மணியை மேசையில் வைத்துவிட்டு டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஐந்து பேரும் வேனில் வந்து இறங்கினார்கள்.

செங்கோடன் ஹீட்டர் செய்தவன். மெஹருன்னிசா சென்சர்களுக்குப் பொறுப்பு. பிரகலாதன் புரோகிராம் எழுதுகிறவன். எப்போது சூடாக்கணும், எப்போது நிறுத்தணும் என்று முடிவெடுப்பது அவனுடைய புரோகிராம்தான். தெய்வானையிடம் ஃபேன், பேட்டரி, அலாரம். மூடியும் தொட்டிலின் மொத்த உடம்பும் வைரவனுடையது.

கூடத்தின் நடுவில் ஒரு மேசை. அதன் மேல் டவலில் சுற்றி ஒன்று கிடந்தது. அரை லிட்டர் சலைன் பை மூன்று, கால் லிட்டர் பை ஒன்று. வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கிச் சுற்றியிருந்தார் சிஸ்டர்.

“ஒண்ணே முக்கால் கிலோ. ஒவ்வொருத்தரா கையில வாங்கிப் பாருங்க.”

சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். ஒரு சின்னப் பூசணிக்காயைவிட லேசு. மெஹர் வாங்கியபோது அவள் கை தானாகவே தலைப்பக்கத்துக்கு அடியில் போனது. தலையே இல்லாத பைக்கு. செங்கோடன்தான் கடைசி. அவன் ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. சிரிப்பு அதோடு நின்றது.

“இப்ப நீங்கதான் மெஷின்,” என்றார் சிஸ்டர். “உங்க பாகம் அங்க என்ன செய்யுதோ அதை மட்டும் இங்க செய்ங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். செய்யறதை வாயால சொல்லிட்டே செய்ங்க.”

செங்கோடனுக்கு ஒரு வெந்நீர்ப் பை. மெஹருக்கு ரெண்டு தெர்மாமீட்டர். பிரகலாதனுக்கு ஒரு நோட்டு. தெய்வானைக்கு ஒரு கையில் விசிறி, இன்னொரு பக்கம் தட்டும் கரண்டியும். வைரவனுக்குத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க ஒரு அட்டை.

ஆரோக்கியமேரியும் வந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து. பிளக்கைப் பிடுங்கியவர் அவர்தான் என்பதால் ஐந்து பேரும் அவரை நேராகப் பார்க்கவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் சும்மா வேடிக்கை பாக்கறேன். ஆரம்பிங்க.”

மெஹர் தெர்மாமீட்டரை டவலுக்குள் வைத்து எடுத்தாள்.

“முப்பத்தாறு,” என்றாள்.

ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தார். “முப்பத்தாறரைன்னுல்ல இருக்கு. கண்ணாடி போடும்மா.”

“இருக்கு மேடம். என் சென்சர் முப்பத்தாறுன்னுதான் சொல்லும்.”

“ஏன்?” என்றான் பிரகலாதன்.

“ஹீட்டர் சூடு நேரா சென்சர் மேல பட்டா அதிகமா காட்டிடும். குழந்தை ஜில்லுன்னு கிடக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால அரை டிகிரி கழிச்சுத்தான் வெளிய அனுப்புவேன்.”

“என்கிட்ட இதை நீ சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கவே இல்லையே.”

பிரகலாதன் நோட்டைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

“உங்க பாகம் என்ன செய்யுது, தம்பி?” என்றார் சிஸ்டர்.

“டாக்டர் முப்பத்தாறரை வேணும்னுதான் சொன்னார்… நான் முப்பத்தேழுன்னு வெச்சிருக்கேன். சென்சர் எப்படியும் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும்னு நானா ஒரு அரை சேத்துக்கிட்டேன்.”

“சேத்துக்கிட்டு?”

“இப்ப முப்பத்தாறுன்னு வந்திருக்கு. அதனால செங்கோடன்கிட்ட பத்து நிமிஷம் சூடு போடச் சொல்வேன்.”

செங்கோடன் வெந்நீர்ப் பையைக் குழந்தைக்கு அடியில் வைத்தான். வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

“பத்து நிமிஷம்னா பதினஞ்சு எரியும், சிஸ்டர்.”

“என்னது?” என்றார் வைரவன்.

“மெத்தை இருக்கு, விரிப்பு இருக்கு, டவல் இருக்கு, சார். போற வழியில எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சூட்டைத் தின்னுரும். குழந்தைகிட்ட போய்ச் சேரணும்ல.”

டவலுக்குள் மூன்று பேரின் சூடும் ஏறிக்கொண்டிருந்தது.

“இப்ப குழந்தை எப்படி இருக்கும்?” என்று சிஸ்டர் கேட்டார்.

மெஹர் மெதுவாகச் சொன்னாள். “முப்பத்தெட்டைத் தாண்டியிருக்கும்.”

“அப்ப என் முறை,” என்றாள் தெய்வானை. விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தாள். விசிறிக்கொண்டே, இன்னொரு கையால் கரண்டியை எடுத்துத் தட்டில் அடித்தாள். அடித்துக்கொண்டே எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கை வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

ஆரோக்கியமேரி ஸ்டூலில் சாய்ந்துகொண்டார்.

“மூணு பேர் நின்னு அடுப்பை ஊதுறீங்க. இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு ஆத்திக்கிட்டு இருக்கு. இதுல சத்தம் வேற.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. செங்கோடன் பக்கம் திரும்பினார்.

“அந்த அஞ்சு நிமிஷம் யாரோட பயம்?”

“என்னோடதுதான் சிஸ்டர். எங்க அக்காவுக்கு ஒண்ணு பொறந்து…” என்றான். மேலே போகவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.

“அந்த அரை டிகிரி?”

“என் சென்சர் சொன்னதை நம்பி ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா, நான் எப்படித் தூங்குவேன்?” என்றாள் மெஹர்.

“இன்னொரு அரை?”

பிரகலாதன் தலையைச் சொறிந்தான். “எனக்கு மெஹரை நினைச்சுத்தான் பயம், சிஸ்டர்.”

மெஹர் தெர்மாமீட்டரால் அவன் தோளில் ஒன்று போட்டாள். ஆரோக்கியமேரி வாய்விட்டுச் சிரித்தார். செங்கோடன்கூடச் சிரித்துவிட்டான்.

வைரவன் மட்டும் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றிருந்தார். விசிறி நின்றுவிட்டது. காற்றே இல்லை. காற்றைப் பிடித்து வைக்கத்தான் மூடி.

யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவராகவே அட்டையைக் கீழே இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

“அப்படின்னா பயமே வேண்டாம்னு சொல்றீங்களா, சிஸ்டர்?” என்று தெய்வானை கேட்டாள். கேட்டவிதத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது.

“பயப்படாத ஆள் செஞ்ச தொட்டில்ல நான் ஒரு குழந்தையையும் படுக்க வைக்க மாட்டேன், பாப்பா.”

சிஸ்டர் அங்கியின் பைக்குள் கையை விட்டு ஒரு சாக்பீஸை எடுத்தார். மெஹரின் உள்ளங்கையில் வைத்தார். சுவரைக் காட்டினார்.

“எழுதுங்க. எவ்வளவு பயம் வேணும்னு அஞ்சு பேரும் பேசி, ஒரே இடத்துல. எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி.”

பேசினார்கள். சண்டை போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ரெண்டு தடவை டீ வந்தது. கால் டிகிரி போதும் என்றான் பிரகலாதன். முக்கால் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான் செங்கோடன். மெத்தை நிஜமாகவே எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று அப்போதுதான் யாரோ அளந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றரை வருஷமாக யாரும் அளக்கவில்லை. தின்கிறது என்று செங்கோடன் நம்பினான், அவ்வளவுதான்.

சாயங்காலம் சுவரில் ஒரே வரி இருந்தது. அரை டிகிரி. பக்கத்தில் ஐந்து பெயர்.

வேனில் ஏறும்போது வைரவன் பின்னால் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் மறுபடியும் சளி மெஷின் முன்னால் குந்தியிருந்தார். புதிய ரப்பர் வளையத்தை இரண்டு விரலால் உருட்டி, இழுத்து, காதருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் போய் யாராவது காதால் பார்ப்பார்களா என்று வைரவனுக்குத் தோன்றியது. தோன்றியபோதே கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

*

ஃபேன் போனது. ஃபேனை நம்பி இருந்த மூடி போனது. மூடிக்குள் இருந்த ரெண்டாவது சென்சர் போனது. ரெண்டு சென்சருக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்த ஒரு முழு சர்க்யூட் போர்டு போனது. பெரிய பேட்டரி சின்னதானது, சின்னது சூடாகவில்லை, அதற்கு வைத்த காவல் போனது.

கழற்றிய ஒவ்வொன்றையும் வைரவன் ஒரு டப்பாவில் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். மறுநாள் காலை அது இல்லாமல் தொட்டில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் டப்பாவை மூடுவார். அடுத்ததைக் கழற்றும்போது மறுபடி திறப்பார்.

பதினேழாவது நாள் எண்ணிப் பார்த்தார்கள். தொண்ணூற்றொரு பாகம்தான் இருந்தது.

அலாரம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. உடம்பில் ஒட்டிய சென்சர் கழன்றாலோ, குறித்த எல்லையைச் சூடு தாண்டினாலோ மட்டும் அடிக்கும். வேறு எதற்கும் வாயைத் திறக்காது.

குழந்தை டாக்டர் அதை மூன்று நாள் சலைன் பைகளை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

*

பரிசோதனை அன்று காலை ஏழு மணிக்கு முன்பே வைரவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தார். சட்டைப் பையில் கையை விட்டபடி.

சிஸ்டர் ஜெபம் முடிந்து வந்துகொண்டிருந்தார்.

“இது ஒண்ணு மட்டும், சிஸ்டர்.”

கையை விரித்தார். உளுந்தம்பருப்பு அளவில் ஒரு சென்சர். அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு ஒயர்.

“எதுக்கு?”

“பாதத்துக்கு. உடம்பு சூடா இருக்கும்போதே பாதம் ஜில்லுன்னு ஆகும்னு ஆரோக்கியமேரி மேடம் சொன்னாங்க. குழந்தை குளிருதுன்னா முதல்ல அங்கதான் தெரியுமாம். நம்ம தொட்டில்ல அதைப் பாத்துக்க யாருமே இல்ல.”

“இது யாரோட பயம்?”

“என்னோடது. முழுக்க முழுக்க என்னோடது. தப்புன்னாலும் இருந்துட்டுப் போகட்டும், சிஸ்டர். ஒண்ணே ஒண்ணுதானே. கதவுகிட்ட நின்ன அந்த ஒரு மணி நேரம் இன்னும் எனக்கு முடியல.”

சிஸ்டர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏளனம் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வார்டுக் கதவைத் திறந்துவிட்டு, தொட்டிலின் பக்கத்தைக் கையால் காட்டினார்.

ஒரு ஷிப்ட். ஏழிலிருந்து ரெண்டு மணி வரை.

தொட்டிலில் கிடந்தது மலைமேல் ஊரிலிருந்து வந்த மருதியின் பெண் குழந்தை. மருதிக்குப் பத்தொன்பது வயது. முதல் பிரசவம், முந்தாநாள்தான் ஆனது. எட்டாம் மாசத்திலேயே வந்துவிட்ட குழந்தை. மூச்சு விடுகிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் சந்தேகமாகவே இருக்கும்.

மருதி தொட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவை, மூடி போட்ட தொட்டில் இருந்தபோது, அம்மாக்களுக்கு இடம் சுவரோரத்துப் பெஞ்சில்தான்.

வைரவன் தன் வேலையைத் தெளிவாக வகுத்துக்கொண்டார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது. நோட்டில் குறிப்பது. சென்சர் செய்யப்போவது அதைத்தான்.

ஏழேகால். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். தொட்டிலுக்குள் கையை நீட்டினார்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது. மருதியின் உள்ளங்கைக்குள் ரெண்டு பாதமும் அடங்கிக் கிடந்தன.

வைரவன் கையை இழுத்துக்கொண்டார். எதேச்சையாக இருக்கும். நோட்டில் ஏழேகாலுக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

ஏழரை. மருதி பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள், முகம் அந்தப் பக்கம். கை இந்தப் பக்கம். பெருவிரல் மட்டும் குழந்தையின் உள்ளங்காலில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

எட்டேகாலுக்கு அவள் முகம் கழுவ எழுந்தாள். வைரவன் வேகமாகக் கையைக் கழுவிவிட்டு வந்தார். வருவதற்குள் ஆரோக்கியமேரி, மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் போகிறவர், நிற்கக்கூட நிற்காமல் ரெண்டு விரலால் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனார். தொட்டோம் என்பதே அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

ஒன்பதரைக்கு மருதி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை தோளில் சாய்ந்திருந்தது.

வைரவன் சத்தம் போடாமல் குனிந்தார்.

தூக்கத்திலும் அந்த விரல்கள் பாதத்தை விடவில்லை.

பதினோரு மணிக்கு அலாரம் அடித்தது. பால் கொடுக்கக் குழந்தையைத் தூக்கும்போது சென்சர் கழன்றுவிட்டது. ஒரே ஒரு மணி. அடுத்தது அடிப்பதற்குள் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஆரோக்கியமேரி செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தார். பார்த்தார். ஒட்டினார். “ஒண்ணுமில்லடி, நீ கொடு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணிச் சத்தத்துக்கு ஒருவர் ஓடி வருவதை வைரவன் அதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். குறிப்புத் தாளைத் தூக்கிப் பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஏழு. முப்பத்தாறு புள்ளி ஏழு. முப்பத்தாறு புள்ளி எட்டு. ஏழு. கோடு வரைந்தது போல இருந்தது.

“இந்தக் குழந்தை இதுலயே இருக்கட்டும்,” என்றார். போகும்போது வைரவனிடம், “மழைக்கு முன்னாடி இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லுங்க உங்க முதலாளியை,” என்றார்.

வைரவன் தலையாட்டினார். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. ஷிப்ட் முடியவில்லையே.

ஒன்றே முக்காலுக்குக் கடைசித் தடவையாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நோட்டில் இருபத்தாறு கோடுகள். ஒரு தடவைகூட அவர் விரல் அந்தப் பாதத்தில் பட்டிருக்கவில்லை. தொட்டிலுக்கு மேல் குனிந்தார். ஈரக் கை அந்தரத்தில் நின்றது.

மருதி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“காலையிலேர்ந்து நிக்கிறீங்களே சார். உங்களுக்கு இங்க என்ன வேலை?”

வைரவன் நோட்டிலிருந்த கோடுகளை ஒரு தடவை பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப கொஞ்சம் தள்ளி உக்காருங்க,” என்றாள் மருதி. “பாப்பா முகத்துல நிழல் விழுது.”